பதினெட்டு ரூபாய் நாற்பது பைசா

ரசாலம் மஞ்சள் கடுதாசி கொடுக்கப்போகிறான் என்று
குலசேகரம் சந்தையில் சாளை வாங்குகிறவர்கள்
எனக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

அது எளிது, என்றார் வக்கீல் கிரிஜாதேவி.
மனு. ரிசீவர். இருப்பதை ஏலம் விடுவார்கள்.
பிறகு யாரும் உங்கள் சட்டையைப் பிடிக்க முடியாது.
சட்டை இருக்குமா என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
இன்னொரு வழி உண்டு,
கொஞ்சம் நீளம், என்றார்.

கிலோ இருநூற்று நாற்பதுக்கு வாங்கி அடுக்கிய ஷீட்
நூற்றுப் பத்துக்கு இறங்கிய கதையை
இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
குடோனில் எல்லாவற்றின்மேலும் பூசணம் பூத்தது,
வட்டியைத் தவிர.

இரண்டாம் சனிக்கிழமை, பத்மநாபபுரம் கோர்ட்டு.
மக்கள் நீதிமன்றம் என்று எழுதிக் கட்டிய துணி
ஒரு முனை அவிழ்ந்து சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.
மேசைக்கு அந்தப் பக்கம் பதினேழு பேர்.
வங்கி மேனேஜர், கோட்டயத்துக்காரர், கழுத்தைத் துடைத்தபடி.
திற்பரப்புத் தோட்டத்துக்காரர்கள் ஆறு பேர், ஒரே ஜீப்பில் வந்தவர்கள்.
சீட்டு நடத்தும் ஏசுவடியாள்.
என் மைத்துனன் டென்னிசன்
என்னைப் பாராமல் ஜன்னல் கம்பிகளை எண்ணினான்.

ரூபாய்க்கு ஐம்பத்தைந்து பைசா.
அறுபது மாதம்.
மாதாமாதம் பத்தாம் தேதிக்குள்.

ஏசுவடியாள் எழுந்தாள்.
"எனக்க சக்கரத்துல பாதிய நீ தின்னுட்டு
மீதிய அஞ்சு வருசம் நக்கத் தருவியா?"
எவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.
என்ன சொல்வதென்று தெரியாமல்
தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

பால் வெட்டும் கத்தி
ஒரு நூல் கூடுதலாய் இறங்கினால்
அன்றைக்குச் சிரட்டை வழியும்.
அப்புறம் பட்டை முண்டு முண்டாய் இறுகிப்போகும்.
ஒருநாள் விட்டு ஒருநாள், சரிவாய், மெலிதாய் வெட்டினால்
இருபது வருடம் தரும்.
பிடுங்கினால் விறகு.

"நீ மரமில்ல, ரசாலம்.
மரம் பொய் பறயாது."

சிரித்துவிட்டார்கள், நீதிபதியும்.
அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்
அறுபது பைசாவென்று திருத்தச் சொல்லி
முதல் கையெழுத்தை அவள்தான் போட்டாள்.

இனி இது பேச்சல்ல, தீர்ப்பு.
மேல்முறையீடு கிடையாது.
நான் தவறினால் ஜப்தி.
தவறாதவரை, அவர்கள் மனம் மாறினாலும்
என் படியேற முடியாது.
டென்னிசன் போகிறபோது தோளைத் தொட்டான்,
அல்லது கூட்டத்தில் இடித்தான்.

மறுநாள் டீக்கடை சிசுபாலன்
கிளாஸைச் சற்று ஓங்கி வைத்தார்.
"லிஸ்டுல எனக்க பேரு இல்லியாமே?"

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. மறந்தே போயிருந்தேன்.
முழுசும் தருவேன் அண்ணாச்சி,
அந்தக் கடுதாசி உங்களைக் கட்டாது என்றேன்.

"முழுசு ஆருக்கு வேணும்?
கோர்ட்டுல எல்லாருக்க பேரும் வாசிச்சாவளாம்.
பதிமூணு வருசம் ஒனக்குக் கடுங்காப்பி தந்தவன்
அந்தக் கூட்டத்துல ஒரு ஆளில்லியா?"

பற்று நோட்டின் பின்னட்டையில்
அவருக்கும் ஒரு கரார் எழுதினோம்.
அதே அறுபது பைசா, அதே அறுபது மாதம்.
சாட்சி, பால் கொண்டுவந்த பையன்.

இது இருபத்து மூன்றாம் மாதம். ஆனி மழை.
மரங்களுக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டியும்
பதினொரு நாள் வெட்டில்லை.
என் கடையை வாடகைக்கு எடுத்தவரிடம்
எடை போட்டு வாங்கும் கூலியையும் சேர்த்து
ஒன்பதாம் தேதி இரவு எண்ணினால்
நானூறு குறைகிறது.
ஒட்டுப்பால் சாக்கைத் தலையில் ஏற்றினேன்.
நாற்றம் என்று பஸ்ஸில் இடம் தரவில்லை.
நடந்தேன்.
பத்தாம் தேதி மூன்று நாற்பதுக்கு வங்கி ரசீது,
ஈரக் கையோடு.

திரும்பும்போது சிசுபாலன் கடை.
அவர் பங்கு பதினெட்டு ரூபாய் நாற்பது பைசா.
நாற்பது பைசாவுக்கு நாணயம் ஏது?
வழக்கம்போல் பத்தொன்பது கொடுத்தேன்.
வழக்கம்போல் அறுபது பைசாவை
என் பெயரில் வரவு வைத்தார்.
இதுவரை பதிமூன்று ரூபாய் எண்பது.

அதுக்கொரு காப்பி தாருமே என்றேன்,
தலை துவட்டிக்கொண்டே.
நோட்டை மூடிவிட்டார்.

"கரார் கராருதான்.
அறுபதாம் மாசம் வா."